டிமொலிஷ் நானா மைக் பிடித்தால்

கண்டி மாவட்டத்தில் புல்டோசர் வைத்திருக்கிற கொந்தராத்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இதுவரை இடித்துத் தள்ளியதைவிட அதிகமாக, ஒரே மனிதர் ஒரே மைக்கை வைத்துக்கொண்டு இடித்திருக்கிறார். அவர் கைபட்டு ஒரு செங்கல் விழுந்ததில்லை. ஈ ஒன்றை அவர் அடித்ததைக்கூட யாரும் கண்டதில்லை. ஆனால் மடவளை மைதானத்தின் ஓரத்தில், மாமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் ஆரம்பித்தால் பொழுது சாய்வதற்குள் இரண்டு கிரிக்கெட் அணிகளாவது பூண்டோடு அழிந்துபோவது நிச்சயம்.

அவருக்கு அவருடைய வாப்பா வைத்த பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கெலிஓயாவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை அவர் டிமொலிஷ் நானா, அதாவது இடித்துத் தள்ளுகிற அண்ணன். மென்பந்து கிரிக்கெட் போட்டி எங்கே நடந்தாலும் வர்ணனைக்கு அவர்தான். அந்த வர்ணனையில் யாரும் ஜெயிப்பதில்லை, யாரும் தோற்பதில்லை. அழிக்கிறார்கள், அழிகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற அத்தனை வினைச்சொற்களும் அவருடைய நாக்கு நுனியில் வரிசையில் நின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய தொழில். கட்டுகஸ்தோட்டையில் பீங்கான் கடை. கூரை வரை கோப்பையும் தட்டும் கண்ணாடிக் கிளாசும் அடுக்கியிருக்கும். மைதானத்தில் மைக் இல்லாமலே அடுத்த மலைக்குக் கேட்கிற அவருடைய குரல், கடைக்குள் வந்தால் வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்க வந்தவர் குரல் மாதிரி ஆகிவிடும். கடைக்குள் அவர் தும்மியதே கிடையாது. தும்மல் வந்தால் வெளியே ஓடி, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்க பார்மசிக்கு முன்னால் நின்று தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

அவர் ஆங்கிலம் கற்றதும் அந்தக் கடையில்தான். பீங்கான் சுற்றுவதற்குப் பழைய ஆங்கிலப் பேப்பர்களை மொத்தமாக எடுப்பார். ஒவ்வொரு தட்டையும் சுற்றுவதற்கு முன்னால் விளையாட்டுப் பக்கத்தை வாசித்துவிடுவார். இதனால் ஆறு தட்டு வாங்க வந்தவர்கள் அரை நாள் நின்றதுண்டு.

"தம்பி, ஒரு விசயம் கவனிச்சீங்களா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். "வீடு ஒண்டு உண்மையா இடிஞ்சு விழுந்தா, பேப்பர்ல 'டெமேஜ்' ண்டு மெதுவா போட்டீக்கி. மெச் ஒண்டு தோத்தா மட்டும் 'அனைஹிலேட்' ண்டு பெரிசா போட்டீக்கி. இங்கிலீஷ்காரன் உண்மையான அழிவுக்கு அடக்கமாப் பேசுறான். வெளாட்டு அழிவுக்குத்தான் வாய் கிழியப் பேசுறான். ஏன்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகவே பேராதனையிலிருந்து டின்னர் செட் வாங்க வந்த ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். சொல் ஒவ்வொன்றின் வேரும் என்ன, எதற்கு எதைப் பயன்படுத்துவது என்று கேட்டு முடிக்கும் வரை டின்னர் செட்டைக் கட்டிக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் பிறகு தேநீர்க் கோப்பை வாங்கக்கூடக் கண்டி டவுனுக்குத்தான் போனாராம்.

எனக்கும் நானாவுக்கும் அறிமுகம் நடந்தது என் சொந்த அழிவில். கெலிஓயா அணியில் நான் பதினோராவது ஆட்டக்காரன். பதினோராவது என்றால், பன்னிரண்டாவது ஆள் கிடைக்காததால் அணியில் இருப்பவன் என்று அர்த்தம். மடவளையில் எனக்கு அதுதான் முதல் போட்டி. முதல்நாள் பெய்த மழையில் மண் நெகிழ்ந்திருந்தது. நான் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து வந்து நடு ஸ்டம்பை மண்ணோடு பிடுங்கி எறிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமரத்தடியிலிருந்து வந்தது அந்தக் குரல்:

"எரடிகேட்டட்! லேடீஸ் என்ட் ஜென்டில்மென், கெலிஓயாவின் கடைசி நம்பிக்கை, எ-ர-டி-கே-ட்-ட-ட்!"

மைதானமே சிரித்தது. நான் நேராக மாமரத்தடிக்குப் போனேன். "நானா, போல்டுன்னு சொன்னா போதாதா? எதுக்கு இவ்வளவு பெரிய வார்த்தை?"

அவர் மைக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க தம்பி. கோவிக்க வாணாம். எரடிகேட் ண்டா வேரோட புடுங்கிறது. ரெடிஷ் ஈக்கே, முள்ளங்கி, அதுவும் இந்தச் சொல்லும் ஒரே குடும்பம். ஒங்கட நடு ஸ்டம்ப் முள்ளங்கி மாதிரித்தான் வந்திச்சு. மத்த ரெண்டும் நிண்டிச்சு. வேற என்ன வெர்ப்பப் போடச் செல்றீங்க?"

அவமானப்பட்டவன் இலக்கணம் கற்றுக்கொண்டு திரும்பினேன். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

எந்த அழிவுக்கு எந்தச் சொல் என்பதில் அவர் அப்படி ஒரு கண்டிப்பு. மூன்று ஸ்டம்பும் சாய்ந்து தரையோடு தரையாகப் படுத்தால்தான் 'ரெய்ஸ்ட்'. சைபருக்கு அவுட்டானால் 'அனைஹிலேட்டட்', ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'ஒன்றுமில்லை' உட்கார்ந்திருக்கிறது. அவருடைய பட்டப்பெயரான 'டிமொலிஷ்' லேசில் வராது. "கட்டினத்தத்தான் டிமொலிஷ் பண்ண ஏலும்" என்பார். இரண்டு பேர் நின்று நிதானமாக ஐம்பது ஓட்டம் சேர்த்து, அந்த ஜோடி உடையும்போது மட்டும் கதிரையை விட்டு எழுந்து நின்று சொல்வார். ரன் அவுட் என்றால் 'ருயின்'. "அது வெளியில இருந்து வந்த அழிவில்ல. ஓடாதே ண்டு செல்லச் செல்ல ஓடினது. சொந்தப் புத்தி கெட்டு வந்தது."

ஒருநாள் நடு ஆட்டத்தில் மழை அடித்து, கரும்பலகையில் எழுதியிருந்த ஓட்டக் கணக்கு முழுவதும் கரைந்து ஓடிவிட்டது. இரண்டு அணியும் அடிதடிக்குத் தயாரானபோது மைக்கில் ஆனந்தக் கூச்சல் கேட்டது. "ஒப்லிட்டரேட்டட்! எழுத்து அழியிறதுக்குத்தான் அந்தச் சொல்லே! எவ்வளவு காலம் காத்துக்கொண்டு இருந்தேன்!" சண்டைக்கு நின்றவர்கள்கூட ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கணக்கு என்னவானது என்று கடைசி வரை தெரியாது. மறுபடி ஆடினோம்.

எங்கள் அணியில் நிமலன் என்று ஒருவன் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், பேராதனை வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தான், நல்ல பந்துவீச்சு. ஒருநாள் எங்களுடைய பத்து விக்கெட்டும் விழுந்த சோகத்தில் நானா "டெசிமேட்டட்!" என்று முழங்க, நிமலன் நேராகப் போனான்.

"அண்ணை, பிழை. டெசிமேட் எண்டால் முழுசா அழிக்கிறதில்லை. ரோமாபுரிப் படையில பத்துப் பேரில ஒராளைக் கொல்லுற தண்டனை அது. பத்தில ஒண்டு."

நானாவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷமாகத் தவறாகச் சொல்லியிருக்கிறோமே என்ற திகில். "பேப்பர்ல அப்பிடித்தானே போடுறாங்க?"

"ஓம், இப்ப எல்லாரும் பேரழிவுக்கு அப்பிடித்தான் பாவிக்கினம். ஆனா முதல் அர்த்தம் பத்தில ஒண்டு."

நானா நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு அவருடைய முகத்தில் மெதுவாகப் பெருநாள் பிறை தெரிந்தது. "தம்பி... ஒரு டீமுக்கு எத்தின விக்கெட்?"

"பத்து."

"அப்ப முதலாவது விக்கெட் விழுந்தா?"

அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் முதல் விக்கெட் விழுந்த மறுநொடி, "டெசிமேட்டட்! சரியாகப் பத்தில் ஒன்று!" என்று மலை அதிர்ந்தது. இன்னும் ஒன்பது பேர் மட்டையோடு காத்திருக்க, அணியே அழிந்துவிட்டதாக அறிவித்தால் யாருக்குத்தான் கைகால் நடுங்காது? நிமலனைத் திட்டாதவர்கள் எங்கள் அணியில் இல்லை.

போட்டிக் குழுவின் தலைவர் ஹாஜியாருக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. மரஆலை வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர். அவருக்கும் ஒருநாள் அடி விழுந்தது. பக்கத்துப் பாடசாலைக்கு மாடிக் கட்டடம் எழுப்ப உதவி திரட்டும் போட்டி அது. பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஹாஜியார் வாழ்நாளில் பேசிய ஒரே ஆங்கில வாக்கியத்தை அன்று எழுந்து நின்று பேசினார்.

"டுகெதர், வீ வில் ரெய்ஸ் திஸ் ஸ்கூல்!"

எழுப்புவோம் என்பதற்கும் தரைமட்டமாக்குவோம் என்பதற்கும் ஆங்கிலத்தில் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துத்தான் வேறு. பிள்ளைகளோ காலையிலிருந்து நானாவிடம் 'ரெய்ஸ்' என்றால் தரைமட்டம் என்று மட்டுமே கேட்டு வந்தவர்கள். பாடசாலையே எழுந்து நின்று கைதட்டியது. தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். "எப்ப ஹாஜியார்? திங்கக்கெழமையே செய்வமா?" என்று ஒருவன் கத்தினான். ஹாஜியார் தம் ஆங்கிலத்துக்கு இவ்வளவு வரவேற்பா என்று நெகிழ்ந்து, நெஞ்சில் கைவைத்து இரண்டாவது தடவையும் சொன்னார். விஷயம் விளங்கிய பிறகு ஒரு வாரம் அவர் நானாவோடு பேசவில்லை.

ஆனால் நானாவின் மைக்குக்கு உண்மையான ஆபத்து வந்தது எங்கள் விக்கெட் கீப்பர் ரவியின் அம்மா வடிவில்.

அன்று காலை முதல் தூறல். நாங்கள் கெலிஓயாவிலிருந்து ஒரு பழைய வான் வண்டியில் புறப்பட்டிருந்தோம். அந்த வானின் பிரேக்கைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், வான்காரருக்கு மட்டும்தான் தெரியாது. ஆட்டத்தின்போது யாரும் காதலியோடு கதைத்துக்கொண்டு பந்தைக் கோட்டை விடக்கூடாது என்று, எல்லோருடைய போனையும் ஒரு பையில் போட்டு வானுக்குள் பூட்டியாயிற்று. ஆட்டமும் பிரமாதம். வந்தவன் எல்லாம் சைபர். ரவியும் சைபர். நானா கதிரையில் உட்காரவே முடியாமல் குதித்தார்.

"கெலிஓயா டீம் ஹேஸ் பீன் அனைஹிலேட்டட்! கம்ப்ளீட்லி அனைஹிலேட்டட்! நத்திங் ரிமெய்ன்ஸ்!"

யாரோ ஒரு புண்ணியவான் இந்தக் குரலை மட்டும் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். அது சுற்றிச் சுற்றிக் கெலிஓயாவில் ரவியின் அம்மாவுடைய போனுக்கே வந்து சேர்ந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது. கெலிஓயா என்ற சொல் மட்டும் விளங்கியது, அந்தக் குரலில் இருந்த பதற்றமும் விளங்கியது. பக்கத்து வீட்டில், தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். போனைக் கொண்டுபோய் அவருடைய காதில் வைத்தார்.

கிளாக்கர் ஐயா ஒருமுறை கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "எப்படிம்மா சொல்லுவேன்... 'அனைஹிலேட்'ன்னா, அடையாளமே தெரியாம அழிஞ்சு போறது. 'நத்திங் ரிமெய்ன்ஸ்'னா, ஒண்ணுமே மிஞ்சலைங்கிறான்."

அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ரவிக்கு அடித்தால் போன் எடுக்கவில்லை. எனக்கு அடித்தால் எடுக்கவில்லை. பதினொரு பேருக்கு அடித்தும் ஒருவர் எடுக்கவில்லை. மழை. அந்த வான். அந்த பிரேக். முதலில் ஒரு த்ரீவீல் புறப்பட்டது. பேராதனைச் சந்திக்கு வருவதற்குள் அது நான்கானது. கண்டி டவுனின் நெரிசலில் அந்த வரிசையிலிருந்து வந்த அழுகையைக் கேட்டு, வழக்கமாக யாருக்கும் ஒதுங்காத பஸ்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்களாம்.

அவர்கள் மைதானத்துக்குள் வந்து இறங்கியபோது, அனைஹிலேட் ஆன நாங்கள் பதினொரு பேரும் மழைக்குக் கட்டிய படங்குக்குக் கீழே உட்கார்ந்து பணிசும் பிளேன் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"டேய் ரவீ!"

ரவியின் அம்மா ஓடிவந்தார். மகனைக் கட்டிப் பிடித்தார். கையைத் தூக்கிப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று உறுதியானதும், கையிலிருந்த குடையால் முதுகில் ஒன்று வைத்தார். "உசுரோடதான் இருக்கியா? அப்ப எதுக்குடா போன் எடுக்கல?"

ரவி பணிசு பிடித்த கையாலேயே, போன்கள் பூட்டிக் கிடந்த வான் வண்டியைக் காட்டினான். அம்மா நிமிர்ந்தார். "யாருங்க அது, மைக்குல பேசினது?"

எல்லாத் தலையும் மாமரத்தடிக்குத் திரும்பின. நானா மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாந்தான் தங்கச்சி."

"எம்புள்ளைய என்னன்னு சொன்னீங்க?"

"அனைஹிலேட்டட் ண்டு."

"அப்படின்னா?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் யாராவது அர்த்தம் கேட்டால் நானாவால் சும்மா இருக்க முடியாது. "அது வந்து தங்கச்சி, 'நிஹில்' ண்டு லத்தீன் பாசையில ஒரு சொல்லு ஈக்கி. நிஹில் ண்டா ஒண்டுமில்ல..."

"ஒண்ணுமில்லையா? நான் சொமந்து பெத்த புள்ள ஒங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

"அப்பிடி இல்ல தங்கச்சி! அவர் சைபருக்கு அவுட். அதத்தான்..."

அம்மாவின் முகம் மாறியது. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "சைபரா? மறுபடியும் சைபரா?"

குடை இரண்டாவது தடவையும் இறங்கியது.

நாங்கள் சிரித்தோம். ஹாஜியார் சிரிக்கவில்லை. அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். "தாய்மார் வயித்தில அடிக்கிற வெளாட்டு வாணாம். இனி மைக்குல அழிவுச் சொல் ஒண்டும் வரப்படாது. பைனலுக்கு நல்ல வார்த்தையா பேசுங்க. ஒரு சொல்லு வந்திச்சோ, மைக் வேற ஆளுக்கு."

அந்த வாரம் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். நானா ஒரு பெண்ணுக்குத் தட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். விளையாட்டுப் பக்கம்தான். ஆனால் வாசிக்காமல் சுற்றினார். எழுத்து உள்ளே போக, வெள்ளை ஓரம் மட்டும் தெரிகிற மாதிரிச் சுற்றினார். அந்தப் பெண் இவ்வளவு சீக்கிரம் சாமான் கிடைத்ததில் திகைத்துப்போய்ப் போனாள்.

"என்ன நானா, இப்படி இருக்கீங்க?"

"அந்தத் தங்கச்சி அழுதுகொண்டு ஓடி வந்தது கண்ணுக்குள்ளயே நிக்கிது தம்பி. ஹாஜியார் செல்றது சரி." அடுக்கிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தார். பிறகு அந்தக் கடைக்குரலிலேயே சொன்னார். "ஆனா மைக் இல்லாட்டி நான் ஆரு? கோப்ப விக்கிற ஒருத்தன்."

இறுதிப் போட்டி, மடவளைக்கும் எங்களுக்கும். புள்ளிக் கணக்கில் தொங்கிக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்திருந்தோம். ரவியின் அம்மாவும் வந்திருந்தார். "இனிமே எவன் வாட்ஸ்அப்பையும் நம்புறதா இல்ல. நானே நேர்ல பாத்துக்கிறேன்" என்று சொல்லி, மைக்குக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானா ஒரு அங்குலம் தள்ளி உட்கார்ந்தார்.

மடவளை முதலில் மட்டை பிடிக்க, ஆட்டம் ஆரம்பித்தது. முதல் விக்கெட் விழுந்தது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். நானாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மைக்கில் வந்தது:

"மட்டையாளர்... ஓய்வெடுக்கச் செல்கிறார். அவருக்கு எமது வாழ்த்துகள்."

மைதானத்தில் ஓர் இரங்கல் கூட்டத்து அமைதி. அடுத்தவன் அவுட். "பந்து ஸ்டம்பை மரியாதையுடன் தொட்டுச் சென்றது." சனம் கொட்டாவி விட்டது. கடலைக்காரர் வியாபாரம் இல்லாமல் வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஆடுபவர்களுக்கே உற்சாகமில்லை. "இப்பிடி வாழ்த்தினா நான் ஏன் மச்சான் வேகமாப் போடவேணும்?" என்று நிமலனே என்னிடம் முறையிட்டான்.

ஆனால் மாமரத்தடியில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ரவியின் அம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. "இப்ப என்னங்க ஆச்சு?" என்று ஒவ்வொரு பந்துக்கும் கேட்டார். தடை மைக்குக்குத்தானே, வாய்க்கு இல்லையே. நானா மைக்கை மூடிவிட்டுக் கடைக்குரலில் அவருடைய காதுக்கு மட்டும் சொன்னார். இது டெசிமேட், ஏனென்றால் பத்தில் ஒன்று. இது ருயின், ஏனென்றால் அவனாக ஓடியது. ரெய்ஸ்டுக்கு மூன்றும் விழ வேண்டும், எரடிகேட்டுக்கு ஒன்று வேரோடு வர வேண்டும். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மடவளைத் தலைவன் மட்டும் அசையாமல் நின்று விளாசினான். அவன் நின்றால் எங்களுக்குக் கதை முடிந்தது. நிமலன் நெடுந்தூரம் ஓடிவந்தான். பந்து போனது. தலைவனுடைய நடு ஸ்டம்ப் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பறந்து ரவியின் காலடியில் போய் விழுந்தது!

நானா மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அந்த மௌனத்தைச் சனத்தால் தாங்க முடியவில்லை. எங்கோ ஒருவன் கத்தினான்: "ரெய்ஸ்ட்!" உடனே மைதானம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. "ரெய்ஸ்ட்! ரெய்ஸ்ட்!"

நானாவுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொல்லவும் முடியாமல், பிழையைச் சகிக்கவும் முடியாமல், பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பொத்திக்கொண்டார். அப்போது பக்கத்துக் கதிரையிலிருந்து ரவியின் அம்மா எழுந்தார். குடையை வானத்தை நோக்கித் தூக்கினார்.

"டேய்! ரெய்ஸ்ட் இல்லடா! மத்த ரெண்டும் நிக்குதில்ல? கண்ணு தெரியலையா? இது எரடிகேட்டட்! எ-ர-டி-கே-ட்-ட-ட்!"

அந்தச் சொல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஹாஜியார் எழுந்து நின்று அம்மாவைப் பார்த்தார்.

"என்னங்க பாக்குறீங்க?" என்றார் அம்மா. "தப்புத் தப்பாக் கத்துறாங்க, இந்த மனுசன் வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. பாக்கவே பாவமா இருக்கு. என்னால தானே நிப்பாட்டுனீங்க? நானே சொல்றேன், விடுங்க. போன் மட்டும் இனிமே பையன்க கிட்ட இருக்கட்டும்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். நானாவைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார். "ஸ்கூல ஒண்டும் செய்ய வாணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மைக்கில் வந்ததை வர்ணிக்க எனக்குச் சொல் இல்லை. அடக்கி வைத்திருந்த அத்தனையும் அணை உடைத்துக்கொண்டு வந்தது. கடலைக்காரர் திரும்பி ஓடி வந்தார். போனவர்கள் திரும்பி வந்தார்கள். நிமலன் பந்தை வெடிகுண்டு மாதிரிப் போட்டான். மடவளையின் மிச்ச விக்கெட்டுகளை டிமொலிஷ், அனைஹிலேட், ருயின் என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தார் நானா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நொடி அம்மாவைப் பார்ப்பார். அம்மா தலையசைப்பார். சொல் வெடிக்கும்.

எங்கள் ஆட்டமும் கடைசிப் பந்து வரை போனது. எங்கே வரக்கூடாதோ அங்கே வந்து நின்றது. கடைசி ஜோடி, நானும் ரவியும். ரவி அன்று சைபர் இல்லை, முப்பதைத் தாண்டி நின்றான், அம்மா நின்றுகொண்டே பார்த்தார். மட்டை என் கையில். ஒரே பந்து. இரண்டு ஓட்டம் எடுத்தால் கிண்ணம் கெலிஓயாவுக்கு.

பந்து வருவதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். சுற்றினேன். எனக்குப் பின்னால் கலகலவென்று ஒரு சத்தம். திரும்பினால் மூன்று ஸ்டம்பும் தரையில் படுத்துக் கிடந்தன.

தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். மூன்றும் விழுந்திருக்கிறது, நான் சைபர், அணி தோற்றுவிட்டது. இவ்வளவு செழிப்பான அழிவு நானாவுக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது. மைக் ஒருமுறை கரகரத்தது.

"ஆட்டம் முடிந்தது. மடவளை வெற்றி."

அவ்வளவுதான். மைக் அணைந்தது.

எங்கள் பையன்கள் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நான் மைதானத்து மூலையில் இருந்த ஒரு பழைய மண்டபத்துக்குப் பின்னால் போய், ஈரப் படியில் உட்கார்ந்தேன். முன்பக்கத்தில் மடவளைக்காரர்கள் வெடி கொளுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பொரித்த ரோல்ஸ் இரண்டைப் பேப்பரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நானா வந்தார். என் பக்கத்தில், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

எனக்குக் கோபமாக இருந்தது. "ஏன் நானா ஒண்ணும் சொல்லல? மூணு ஸ்டம்பும் போச்சு. ரெய்ஸ்ட். சைபர், அனைஹிலேட்டட். ரெண்டும் பொருந்துமே!"

"பொருந்தும்தான். அது ரெண்டும் ஸ்டம்புக்கும் ஸ்கோருக்கும்." ரோல்ஸ் ஒன்றை என் கையில் வைத்தார். "இன்னொண்டு ஈக்கி தம்பி. டெவஸ்டேட் ண்டு. ஊர், காடு, வயலெல்லாம் வெறுமையாப் போறதுக்கு அந்தக் காலத்தில செல்ற சொல்லு. இப்ப மனிசன் மனசு ஒடஞ்சு போனா தன்னப் பத்திச் செல்லவும் பாவிக்கிறான். அது மைக்குல செல்ற சொல்லில்ல. பக்கத்துல வந்து குந்தத்தான் ஏலும்."

அதற்கு மேல் அவர் எந்த மொழியிலும் எதுவும் பேசவில்லை. எங்கள் வான் ஹோர்ன் அடித்தது, மறுபடி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை, என்னை எழுப்பவும் இல்லை. நான் ரோல்ஸை முழுதாகத் தின்று முடித்து, விரலைத் துடைக்கும் வரை அப்படியே இருந்தார்.

இப்போதெல்லாம் மனது விட்டுப்போகிற நாட்களில் எங்கேயாவது தனியே போய் உட்காருவேன். உட்காரும்போது பக்கத்தில் இன்னோர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.